கடலோடி வீட்டுக்கு எந்தக் கப்பல்?

கேள்வி: என் கணவர் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் ஆனதால், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களைச் சொகுசுக் கப்பலில் அனுப்பப் பார்க்கிறான். “வருசம் பூரா கடல்லதான் கெடக்கேன், காசு குடுத்து வேற போகணுமா?” என்கிறார் இவர். முட்டிவலிக்காரரான மாமியாரும் கூட வருவார். எனக்கோ படகில் கால் வைத்தாலே குமட்டும். எந்தக் கம்பெனிக் கப்பல் நல்லது? போகிற வழியில் ராமேஸ்வரம் தெரியுமா என்று மாமியார் வேறு கேட்கிறார்.
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மாமியார் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாதும்மா. பாக் நீரிணையில் அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் கிடையாது. சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகிற கப்பல்கூட இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகும். 1964 புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலை மனதில் வைத்துக் கேட்கிறார் போலிருக்கிறது. இது லிஃப்ட் வைத்த பத்துப் பதினைந்து மாடிக் கட்டடம் என்று சொல்லிவையுங்கள்.

கம்பெனிப் பெயரை அப்புறம் பார்ப்போம். உங்கள் கையைக் கட்டுவது தேதிதான். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடைசி இரண்டு மூன்று வாரம் இன்ஜின் வேலை, பெயின்ட், வலை என்று உங்கள் வீட்டுக்காரர் படகை விட்டு நகரமாட்டார். அதனால் ஏப்ரல் கடைசி, தப்பினால் மே முதல் பாதி. நம் நாட்டில் ஓடும் கோர்டீலியா கப்பல் 2022-லும் 2023-லும் சென்னைப் பயணத்தைத் தொடங்கியதே ஜூன் முதல் வாரத்தில்தான். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் கப்பல் பேச்சை எடுத்தால் சண்டைதான் வரும். மே மாதத்து வங்கக் கடல் புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குக் கடற்கரையிலும் மே முடிவதற்குள் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) ஏறிவிடும்.

என் ஓட்டு சிங்கப்பூருக்கு. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் மலேசியா, மறு பக்கம் சுமத்ரா. இரண்டு பக்கமும் கரை இருப்பதால் பெரிய அலை எழும்புவது அபூர்வம். குமட்டல்காரருக்கு இதைவிடத் தோதான கடல் கிடைக்காது. ராயல் கரீபியன், ஸ்டார்ட்ரீம் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்டு) இரண்டும் அங்கிருந்து கப்பல் விடுகின்றன. எந்த மாதம் எந்தக் கப்பல் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். விளம்பரத்தில் கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும். மகனிடம் கப்பலின் பெயரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பெயர் கிடைத்ததும் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கப்பலின் மொத்த டன் அளவைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். (இந்த டன் எடை இல்லை, உள்ளே இருக்கிற இடத்தின் அளவு.) கோர்டீலியாவின் எம்ப்ரஸ் 1990-ல் கட்டியது, 48,500 டன், ஏறக்குறைய 1,800 பேர். வகுத்தால் 27. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் ட்ரீம் ஒன்றரை லட்சம் டன், 3,300 பேருக்குச் சற்று மேல், வகுத்தால் 45. எண் ஏற ஏற நெரிசல் குறையும். முட்டிவலியோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கப்போகிறவருக்கு நீச்சல்குளத்தையும் சறுக்குமரத்தையும்விட இந்த எண் முக்கியம்.

அடுத்தது அறை. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் நின்றால் தூக்கிப் போடும், நடுப்படகில் ஆட்டம் குறைவு என்பது உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாததில்லை. அதே கதைதான் இங்கேயும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள். லிஃப்டும் பக்கத்திலேயே இருக்கும், மாமியாருக்கும் ஆகும். பால்கனி அறைக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். ஆனால் ஜன்னலே இல்லாத உள் அறையும் வேண்டாம். அதில் விடிந்ததும் தெரியாது, இருட்டியதும் தெரியாது, வயசானவர்கள் தவித்துப்போவார்கள். கடல் தெரியும் ஜன்னல் அறை போதும்.

மூன்று பேருக்கு ஒரே அறை போட்டால் மூன்றாவது படுக்கை பெரும்பாலும் மேலிருந்து இறக்கும் பரண் கட்டில்தான். அதில் யார் ஏறுவது? மாமியாருக்குத் தனி அறை போட்டாலோ, ஒருவருக்கே ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். உங்கள் நாத்தனார் யாராவது வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டிரண்டு பேராக இரண்டு அறை போட்டால் கணக்கும் நேராகும், கல்யாண நாளும் கல்யாண நாளாக இருக்கும்.

ஏஜென்ட் சொல்லும் தொகை தலைக்கு இவ்வளவு என்பது. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ் எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். குளிர்பானம், இன்டர்நெட், கரையில் சுற்றிக் காட்டுவது ஆகியவை பெரும்பாலும் தனிக் காசு. கப்பல் கிளம்பியதும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் சாட்டிலைட் சிக்னலில் மாட்டி எனக்கு ஒரு தடவை வந்த பில்லில் நல்ல பட்டுப்புடவையே எடுத்திருக்கலாம்.

இன்ன ஊரில் இறங்கலாம் என்ற ஆசையில் மட்டும் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2022-ல் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பலைப் புதுச்சேரி அரசு உள்ளே விடவில்லை. கப்பலில் கேசினோ இருந்ததுதான் பிரச்சினை. சில ஊர்களில் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆளை இறக்குவார்கள். இறங்குவது நேரே துறைமுக மேடையிலா, படகிலா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படகு என்றால் அன்றைக்கு மாமியார் கப்பலிலேயே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் எப்படியும் நாலு மணிக்கு எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுவார். வலை இழுக்காமல், டீசல் கணக்குப் பார்க்காமல் அவர் கடலைப் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? வற்புறுத்தாதீர்கள், தேதியை மட்டும் சொல்லிவையுங்கள்.

குமட்டல் மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். மாமியாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆதாரில் ஒரு பிறந்த தேதியும் வாக்காளர் அட்டையில் வேறொன்றும் இருந்தால் அதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வாரமே இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.