மூடிக்கு அடியில் எஸ்.எஸ்.டி.: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்ரிலிக் தகட்டை வெட்டி என் மதர்போர்டுக்கு மூடி ஒன்று செய்து பொருத்தியிருக்கிறேன். மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டை வடிவச் சேமிப்பகமான எம்.2 எஸ்.எஸ்.டி. அதற்கு அடியில் இருக்கிறது. பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் இருக்கும் வேகம் சிறிது நேரத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மூடிதான் காரணமா?

பதில்: இருக்கலாம். ஆனால் மூடியைக் கழற்றி எறிவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருக்கும் வேகமான தற்காலிக எழுதுபகுதி நிரம்பிவிட்டாலும் இதே போல வேகம் குறையும். அதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஒரே கோப்பை மூடியோடு ஒருமுறையும் மூடியில்லாமல் ஒருமுறையும் நகலெடுங்கள். இரண்டு முறையும் ஏறத்தாழ அதே அளவு எழுதி முடித்த பிறகு வேகம் விழுந்தால் மூடியின் மீது குற்றமில்லை. மூடியோடு இருக்கும்போது வெப்பநிலை 70 டிகிரி செல்சியசைத் தாண்டி ஏறி, வேகம் குறைந்ததும் சற்று இறங்கி, மறுபடி ஏறி இறங்கினால், எஸ்.எஸ்.டி.யை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். என்விஎம்இ எனும் வேகமான வகை எஸ்.எஸ்.டி.கள் எச்சரிக்கை வெப்பநிலைக்கு மேல் இருந்த நேரத்தைத் ஸ்மார்ட் எனப்படும் தங்கள் உடல்நிலைப் பதிவில் நிமிடக் கணக்கில் குறித்து வைக்கின்றன. அந்த எண் பூஜ்யமாக இருந்தால் சூட்டைப் பற்றிய கவலையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

சூடுதான் காரணம் என்று தெரிந்தால், கவனிக்க வேண்டியது தகட்டை விட அதற்கும் எஸ்.எஸ்.டி.க்கும் நடுவே உள்ள இடைவெளி. 22 மில்லிமீட்டர் அகலமும் பொதுவாக 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்தச் சிறு அட்டையில் கன்ட்ரோலர் சிப்தான் பெரும்பாலான சூட்டைக் கக்குகிறது. அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டர்-கெல்வினுக்கு 200 வாட்டுக்கு மேல் என்றால், அதே அளவுகோலில் அக்ரிலிக்குக்குச் சுமார் 0.2, அசையாத காற்றுக்கு வெறும் 0.026. ஆகவே தொட்டும் தொடாமலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் தகடு, எஸ்.எஸ்.டி.யின் மீது கம்பளி போர்த்தியது போலத்தான். வீடியோ வேலையின்போது பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டும் சூடாகிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உங்கள் மூடி அக்ரிலிக் என்பதால், எஸ்.எஸ்.டி. இருக்கும் இடத்தில் அதைவிடச் சற்றுப் பெரிய திறப்பை வெட்டி, எஸ்.எஸ்.டி.யின் மீது பொருத்தும், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கின் துடுப்புகள் கேபினட் ஃபேன்களின் காற்றோட்டத்தில் வெளியே தெரியும்படி விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பின்னாளில் அலுமினிய மூடிக்கு மாறினால், மூடியையே ஹீட்சிங்க்காக்கிவிடலாம், அப்போது எஸ்.எஸ்.டி.க்கும் மூடிக்கும் நடுவே தெர்மல் பேட் எனும் சூட்டைக் கடத்தும் மென்மையான பட்டையை வைத்து இடைவெளியை முழுவதுமாக அடைக்க வேண்டும். பேடின் தடிமன் அளந்த இடைவெளியை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். மிகத் தடிமனாக இருந்தால் திருகை முடுக்கும்போது எஸ்.எஸ்.டி. அட்டை நடுவில் வளைந்துவிடும். பேடின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். பலருடைய கணினிகளில் ஹீட்சிங்க் பயன்படாமல் போவதற்கு அந்தத் தாளே காரணம்.

கேள்வி: முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் செய்த மூடி உருகிவிடுமா?

பதில்: உருகாது, ஆனால் வளையும். பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. பளுவான வேலையின்போது எஸ்.எஸ்.டி.யும் அதன் ஹீட்சிங்க்கும் அந்த அளவை எளிதாக எட்டும் என்பதால், இரண்டும் மூடியைத் தொடாதபடி இடம் விட வேண்டும். புதிதாக அச்சிடுவதானால் சுமார் 100 டிகிரி வரை தாங்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.யின் மீதுள்ள ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுப் பேடை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். சில ஸ்டிக்கர்களின் அடியில் சூட்டைப் பரப்புவதற்கென்றே மெல்லிய செப்புத் தாள் வைத்திருப்பார்கள். அதைப் பிய்த்தால் வாரண்டியும் போகக்கூடும். பேடை அதன் மேலேயே ஒட்டுங்கள், கன்ட்ரோலர் சிப் முழுவதும் அதற்கு அடியில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.