அச்சில் வந்தால் மட்டும் நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் விக்கிப்பீடியாவைப் பார்த்தே கட்டுரை எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒன்றை நூலகத்துக்குள் விடலாமா? நூலகர் தடுக்க வேண்டாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டபம்

பதில்: தடுக்கவே கூடாது ஐயா. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அதை எப்படிப் படிப்பது என்று நூலகர் சொல்லித்தர வேண்டும்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்டு ஒருவர் எழுதிய பொய், மாதக்கணக்கில் விக்கிப்பீடியாவில் கிடந்தது. அதற்காக அச்சில் வந்ததெல்லாம் சரி என்று ஆகிவிடுமா? உங்கள் நூலகத்தில் பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தில்தான் இன்னும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே 2022 டிசம்பரில் ரயில் நின்றதும், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். புத்தகத்துக்குத் தெரியாது.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோன ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள்? நூற்றுச் சொச்சம் என்று ஒரு இடத்தில், இருநூறு என்று இன்னொரு இடத்தில். விக்கிப்பீடியாவில் ஓர் எண்ணைப் பார்க்கும் பிள்ளை, அதற்கு என்ன சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று கீழே பார்க்கட்டும். யார், எந்தத் தேதியில் அதை மாற்றினார்கள் என்பதும் பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். அப்புறம் அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கட்டும். சான்றே இல்லாத வரியைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று. விக்கி என்பது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்; விக்கி என்றால் விக்கிப்பீடியா மட்டும் இல்லை. அது ஓடும் மீடியாவிக்கி மென்பொருள் இலவசம். நூலகமே தன் ஊருக்கென்று ஒரு விக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கும் வெளியாகாத அனுபவ அறிவை விக்கிப்பீடியா ஏற்காது, ஊர் விக்கி ஏற்கும். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது படகுகள் தென்கடலுக்கு எப்போது மாறும், பாசி எடுக்கும் பெண்கள் எந்தப் பாசியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது? சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் போட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். ஆசிரியராக இருந்தவர் நீங்கள். அவர்கள் எழுதியதைத் திருத்திக்கொடுக்க வாரம் ஒருநாள் நூலகத்துக்குப் போங்கள்.