அடுப்பு நல்ல அடுப்புதான், பிளக் பாயிண்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதமாக, குக்கர் வைத்துப் பத்து நிமிடம் ஆனதும் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. காலையில் அவ்வளவாக இல்லை, சாயங்காலம் ஆறரைக்கு மேல் கட்டாயம் நிற்கும். சர்வீஸ் சென்டரில் உள்ளே இருக்கும் போர்டையே மாற்றித் தந்தார்கள். அங்கே நன்றாக ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "228 வோல்ட் வருதுக்கா, லைன்ல ஒண்ணும் இல்ல, அடுப்புதான் போச்சு" என்கிறார். புதிதாக வாங்கிவிடலாமா? (தாராபுரம் வாசகி)

பதில்: வாங்காதீர்கள். அங்கே ஓடுகிற அடுப்பு இங்கே நிற்கிறதென்றால் புது அடுப்பும் இங்கே நிற்கும்.

உங்கள் எலெக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது 228 இருந்திருக்கும். அடுப்பு ஓடாத நேரத்தில் பார்த்தாரே, கோளாறு அங்கேதான். மல்டிமீட்டர் லைனிலிருந்து கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டேஜையும் காட்டும். டெஸ்டர் இன்னும் மோசம், லூஸ் கனெக்ஷனிலும் பளிச்சென்று எரியும். 2000 வாட்ஸ் அடுப்பு இழுப்பதோ கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அந்த 9 ஆம்பியர் ஓடும்போது மீட்டர் எவ்வளவு காட்டுகிறது? அந்த எண் இல்லாமல் லைனைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

போன வருடம் இதே புகாரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். சுத்த சைவம். ஆனால் சாயங்காலமானால் சமையலறையில் லேசாகக் கருவாட்டு வாசனை. பக்கத்து வீட்டில்தான் வறுக்கிறார்கள் என்று அந்த அம்மா பல நாள் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். நான் வாசலிலேயே புரிந்துகொண்டேன். சுவிட்ச், சாக்கெட் செய்கிற பிளாஸ்டிக் சிலது சூடேறினால் மீன் நாற்றம்தான் அடிக்கும். அடுப்பில் தண்ணீர் வைத்து ஃபுல்லில் ஓடவிட்டு இரண்டு இடத்தில் அளந்தேன். மெயின் போர்டில் 222, சமையலறை பிளக் பாயிண்டில் 200. நடுவில் காணாமல் போனது 22 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் எட்டரை ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 187 வாட்ஸ்.

மெயின் போர்டிலிருந்து சமையலறைக்கு 20 மீட்டர் 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் போயிருந்தது. அந்த நீளத்தில் இந்தக் கரண்டுக்கு ஒயர் தின்பது ஒன்றரை, இரண்டு வோல்ட்தான். மீதி 20 வோல்ட், அதாவது 170 வாட்ஸ், ஏதோ ஓர் இணைப்பில் எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ ரிப்பேர்க்காரர் வைத்திருக்கும் 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் ஏழு சேர்ந்த சூடு அது.

சாக்கெட்டைக் கழற்றினால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) பக்கம் கரிக்கட்டை. ஒயரை மாட்டியவர் தோலைச் சரியாகச் சீவாமல், தோலோடு சேர்த்து ஸ்க்ரூவை முறுக்கியிருந்தார். செம்பை ஸ்க்ரூ தொட்டதே நாலைந்து இழையில்தான். ஒரு வருடம் அது தாங்கியதே பெரிய விஷயம்.

உங்கள் வீட்டிலும் இதேபோல ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து நிமிடக் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. முதலில் இணைப்பு சுமாராகப் பிடித்திருக்கும். சூடேறச் சூடேற இன்னும் தளர்ந்து, கரண்ட் விட்டுவிட்டு வரும். அடுப்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதைக் கண்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். சாயங்காலத்தில் தெருவே லைட்டும் மோட்டாரும் போடுவதால் வீட்டுக்கு வரும் வோல்ட்டேஜே பத்துப் பதினைந்து குறைந்திருக்கும். அதனால் அந்த நேரத்தில் சீக்கிரம் நிற்கிறது. நிற்கும்போது திரையில் 'ஈ' போட்டு ஓர் எண் வந்தால் குறித்துவையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், அடுப்போடு வந்த புத்தகத்தில் விளக்கம் இருக்கும். லோ வோல்ட்டேஜுக்கு உரிய எண்ணாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

"அப்படியானால் எம்.சி.பி. ஏன் விழவில்லை?" என்று எல்லோரும் கேட்பார்கள். எம்.சி.பி. என்பது மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச், அது விழுவது கரண்ட் அதிகமானால். லூஸ் கனெக்ஷனில் கரண்ட் கூடுவதே இல்லை. ஈ.எல்.சி.பி.யும் கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால்தான் விழும், இங்கே கசிவும் இல்லை. சாக்கெட் கருகும்வரை இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினைந்து நிமிடம் சமைத்தபின் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பின்களைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அல்லது பிளக்கின் பிளாஸ்டிக் கையில் பிடிக்க முடியாத சூடாக இருந்தால், விடை கிடைத்துவிட்டது. அந்த பாயிண்டை அதற்குப் பிறகு தொடாதீர்கள். போர்டை மட்டும் நீங்கள் கழற்றவே கூடாது. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) உயிரோடுதான் இருக்கும்.

16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் பாயிண்டில் சொருக ஒரு கன்வெர்ட்டர் பிளக் விற்கிறார்களே, அதை உபயோகிக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாதி வீடுகளில் இருக்கிறது. இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். 6 ஆம்பியர் பாயிண்டில் 9 ஆம்பியர் இழுத்தால் வேறு கோளாறே தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே பேச்சுதான்.

எலெக்ட்ரீஷியன் தம்பியை மறுபடி வரச் சொல்லுங்கள், சாயங்காலமே வரச் சொல்லுங்கள். அடுப்பு ஓடும்போது மெயினிலும் சமையலறையிலும் அளக்கட்டும். மெயினில் நன்றாக இருந்து சமையலறையில் மட்டும் ஐந்து வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். சாக்கெட், சுவிட்ச், எம்.சி.பி. ஸ்க்ரூ, மெயின் போர்டில் நியூட்ரல் ஒயர்கள் சேரும் நியூட்ரல் லிங்க் நான்கையும் பார்க்க வேண்டும். ஃபேஸ் பக்கம் மட்டும் தேடிவிட்டு நியூட்ரலை மறப்பது வழக்கமான தவறு. கறுத்த செம்பை அப்படியே மறுபடி முறுக்கவிடாதீர்கள். பளபளவென்று புதுச் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மாட்ட வேண்டும். சாக்கெட்டை மாற்றும்போது அடுப்பின் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய பின் புது சாக்கெட்டை மூன்றே மாதத்தில் பழைய சாக்கெட் ஆக்கிவிடும். அடுப்புக்கென்று மெயினிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் நல்லது. அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுப்புப் போட்டதும் மெயினிலேயே வோல்ட்டேஜ் பலமாக இறங்கினால் கதை வேறு. அப்போது வீட்டு லைட்டெல்லாம் சேர்ந்து மங்கும். மீட்டர் போர்டின் ஃபியூஸ் கேரியரிலோ, சர்வீஸ் ஒயர் கம்பத்தில் சேரும் இடத்திலோ லூஸ் இருக்கலாம். அது ஈ.பி.காரர்கள் பார்க்க வேண்டியது, மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியலாம்.

த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் இதையும் கவனியுங்கள். அடுப்புப் போட்டதும் சமையலறை லைட் மங்கி, ஹால் லைட் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிகிறதா? அப்படியானால் நிற்காமல் போய் மெயினை அணையுங்கள். பொது நியூட்ரல் விட்டுப்போகிறது என்று பொருள். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் உள்ள 400 வோல்ட்டை வீட்டுச் சாமான்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமான பக்கம் வோல்ட்டேஜ் இறங்கும், குறைவான பக்கம் ஏறும். டிவியும் ஃபிரிட்ஜும் அந்த ஏறுகிற பக்கத்தில் இருந்தால் ரிப்பேர் செலவு அடுப்பு விலையைத் தாண்டும்.

வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன், தம்பியை உட்காரவைத்து ஒரு காபி கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் அடுப்பை ஃபுல்லில் ஓடவிடுங்கள். பிறகு அணைத்து, உருவி, பின்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. சுட்டால், இன்னொரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது.