எவ்வளவு ஓங்கி அடிப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

வேலைக்காக ஜெர்மனி வந்த பிறகு, இங்குள்ள ஒரு குழுவில் ஐரோப்பியப் பழைய வாள்வித்தை கற்றுவருகிறேன். இரு கைகளால் பிடிக்கும் நெடுவாள். சென்ற மாதம் பயிற்சி ஆட்டத்தில் எதிராளியின் வெட்டு விழுந்து என் வலது கட்டைவிரல் எலும்பில் விரிசல். கையுறை போட்டுத்தான் இருந்தேன். எங்கள் குழுவில் இப்போது இரண்டு கட்சிகள். முழுக் கவசம் அணிந்து முழு வேகத்தில் மோதினால்தான் நிஜமான வாள்வித்தை கைவரும் என்கிறது ஒன்று. முகக்கவசமும் மெல்லிய கையுறையும் போதும், அடியைத்தான் அடக்க வேண்டும் என்கிறது மற்றது. நீங்களும் இதைப் பயின்றவர் என்பதால் கேட்கிறேன், எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் விரல் ஆறட்டும். அதுவரை வாளைத் தொடாதீர்கள், "மெதுவாகத்தானே" என்று யார் கூப்பிட்டாலும்.

நெடுவாளில் அதிகம் அடிபடுவது கைதான். ஜெர்மன் மரபில் பல வெட்டுகளுக்குக் கட்டைவிரலை வாளின் தட்டைப் பக்கத்தில் அழுத்திப் பிடிக்கிறோம். குறுக்கு வெட்டில் கைகள் இரண்டும் தலைக்கு முன்னால் உயர்கின்றன. அந்த நேரத்தில் எதிராளி மேலிருந்து இறக்கினால் அவர் வாளுக்கு முதலில் கிடைப்பது அந்த விரல். விரலுக்குப் பின்னால் இருப்பதும் இரும்பு. விலகிக்கொள்ள இடமில்லாமல் நடுவில் நசுங்குகிறது. முன்பு பலர் லாக்ரோஸ் என்ற பந்தாட்டத்தின் கையுறையை வைத்துச் சமாளித்தார்கள். அது குச்சியடிக்குச் செய்தது, எஃகுக்குத் தாங்கவில்லை. இன்று கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வைத்த கையுறைகள் கிடைக்கின்றன. அவற்றிலும் கட்டைவிரல் நுனிதான் பலவீனமான இடம்.

முகக்கவசத்தின் கதை வேறு. அது ஒலிம்பிக் வாள்வீச்சிலிருந்து வந்தது. 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகக்கவசத்தை எதிராளியின் உடைந்த வாள் துளைத்துக் கண்வழியே மூளைக்குள் சென்றது. சில நாட்களில் அவர் இறந்தார். அதன் பிறகே முகக்கவசத்தின் கம்பி வலையும் சட்டைத் துணியும் வாளின் எஃகும் கடுமையாகச் சோதிக்கப்பட்டன. சட்டையில் 800 நியூட்டன், முகக்கவசத்தின் கழுத்துத் துணியில் 1600 நியூட்டன் என்று நீங்கள் காணும் எண்கள் எல்லாம் துளைபடாமல் தாங்கும் திறனைச் சொல்பவை. ஒன்றரைக் கிலோ எஃகு தலையில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்களில் பதில் கிடையாது. வலை நெளியாமலே மண்டைக்குள் மூளை குலுங்கும். பின்மண்டைக்கு அந்தக் கவசத்தில் பாதுகாப்பே இல்லை, அதனால்தான் மேலே தனி உறை மாட்டுகிறோம். வேகம் இரு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. கவசத்தின் தடிமனை அப்படிக் கூட்டிக்கொண்டே போக முடியாது.

இனி "நிஜம்" என்ற வாதம். முழு வேகக் கட்சியிடம் எனக்குள்ள சண்டை இங்கேதான். 1410ஐ ஒட்டி எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரே தே லிபேரி, பஞ்சு வைத்த சட்டையும் தோல் கையுறையும் மட்டும் அணிந்து கூர்வாளோடு ஐந்து முறை மோதியவர். கூர்வாளோடு ஒருமுறை மோதுவதைவிடக் கவசம் பூண்டு களத்தில் மூன்று முறை மோதவே விரும்புவேன் என்கிறார். கவசத்தில் பல அடி வாங்கியும் வெல்லலாம், கூர்வாளில் ஒரு தடுப்பு தவறினாலே சாவு என்பது அவர் சொல்லும் காரணம். உங்கள் குழுவின் முழுக்கவச வீரரைக் கவனியுங்கள். தன்மேல் வரும் வெட்டைத் தடுக்காமல் தானும் வெட்டுகிறார், இருவரும் சேர்ந்து அடிபடுகிறார்கள், எழுந்து சிரிக்கிறார்கள். கூர்வாள் என்றால் இருவருமே பிணம். இந்த இரட்டை அடிக்குத் தண்டனை வைத்துப் பல போட்டிகள் கட்டுப்படுத்தப் பார்க்கின்றன, ஓரளவுக்குத்தான் முடிகிறது. அச்சம் போன பிறகு தடுப்பு எங்கிருந்து வரும்? இன்னொன்று, கூர்வாள் வெட்டுவதற்குத் தோள்பலம் அவ்வளவு வேண்டியதில்லை. விளிம்பு நேராக விழுந்தால் போதும்.

மெல்லிய கையுறைக் கட்சிக்கும் முழு மதிப்பெண் தரமாட்டேன். அடக்கி அடக்கிப் பழகியவரின் வெட்டு எதிராளிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுகிறது. எதிரே நிற்பவருக்கும் அது தெரியும், அதனால் தடுப்பதை விட்டுவிடுகிறார். இருவருக்கும் தூரம் பொய்யாகிப்போகிறது. மெதுவான ஆட்டம் என்று பேசிக்கொண்டு, தடுக்கும்போது மட்டும் வேகமெடுக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

1570இல் ஸ்ட்ராஸ்பூர்கில் வாள்வித்தை நூல் வெளியிட்ட யோவாகிம் மேயர் காலத்து ஜெர்மானியர்கள் இதற்கு வேறு வழி கண்டிருந்தார்கள். வாள்கள் மழுங்கலானவை, நெடுவாளால் குத்துவதையே வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் மென்மையானவர்கள் இல்லை. ரத்தம் வரும்படி உடம்பில் மிக உயரமான இடத்தில் விழுந்த அடிக்கே அங்கே வெற்றி. ஆனாலும் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: என் அடியின் அளவை எதிராளி அணிந்திருப்பவற்றில் எது பலவீனமோ அது தீர்மானிக்கும். அவர் கை மெல்லிய உறையில் இருந்தால், மேலே எத்தனை கனமான சட்டை இருந்தாலும் அன்றைய ஆட்டம் மெல்லிய உறைக்கான ஆட்டம். முழுக் கவசத்தில் வேகமாக ஆடும் நாட்களும் வேண்டும், ஆனால் அவை எப்போதாவது. அன்றும் வாள் தொட்ட இடத்தில் நிற்க வேண்டும், உடம்பைத் தாண்டி வீசக்கூடாது. குத்தும்போது அலகு வளைந்து கொடுக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். வளையாத வாளால் குத்தினால் பஞ்சுச் சட்டைக்கு உள்ளேயும் விலா முறியும்.

புதுக் கையுறை வாங்கும்போது உங்கள் வாளையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பிடித்துப் பார்த்து, கட்டைவிரல் ஓடு நுனியைத் தாண்டி மூடுகிறதா என்று கவனியுங்கள். முகக்கவசத்தின் வலையை விரலால் அழுத்தினால் நெளிந்தால், துருவேறியிருந்தால் மாற்றிவிடுங்கள். உங்களை அடித்தவரோடு மறுபடி ஆடுமுன் வேகத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வேறு ஆளோடு ஆடுங்கள்.