மால்கம் யங் பாணி ரிஃப்கள்: கேள்வி பதில்

ஏசி/டிசி ராக் இசைக்குழுவை 1973-ல் சிட்னியில் தம்பி ஆங்கஸோடு சேர்ந்து தொடங்கியவர் மால்கம் யங். 2017 நவம்பரில், 64 வயதில் காலமானார். அவருடைய ரிதம் கிட்டார் (பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் வாசிப்பு), ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 'பேக் இன் பிளாக்' ரிஃப்பில் ஈ, டி, ஏ என்று மூன்றே கார்டுதான் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). கை சரியாகப் போகிறது, ஆனாலும் பாட்டு மாதிரி கேட்கவில்லையே?

கார்டை அடிப்பதில் குறையிருக்காது தம்பி, நிறுத்துவதில்தான் இருக்கும். ஈ-யை அடித்ததும் சத்தத்தை முழுசாகக் கொல்ல வேண்டும். அடுத்து வரும் டி வரைக்கும் உண்மையான அமைதி இருக்க வேண்டும். ஈ திறந்த கார்டு (சில கம்பிகளை அழுத்தாமலே வாசிப்பது) என்பதால் இடக்கை விரலைத் தளர்த்தினால் மட்டும் ஆறாவது கம்பி அடங்காது, முனகிக்கொண்டே இருக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தையும் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் ஊன்றும் இடம்) பக்கம் வைத்து அமர்த்துங்கள். இரண்டு கையும் ஒரே நொடியில் இறங்க வேண்டும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஈ ஒன்றை மட்டும் முதல் தட்டில் அடித்து உடனே வெட்டுங்கள். மீதி மூன்று தட்டையும் வாய்விட்டு எண்ணுங்கள். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் இந்தப் பாணியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அது கைக்கு வந்த பிறகு டி, ஏ சேர்த்தால் போதும்.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் எது வாங்கலாம்?

வாங்க வேண்டாம். மால்கம் தன் மார்ஷல் நிறுவன ஆம்பை (ஒலிபெருக்கியை) உரக்க வைத்தார், கரகரப்பைக் கூட்டும் கெயினைக் குறைவாகத்தான் வைத்தார். உங்கள் ஆம்பில் இப்போது இருக்கும் கெயினைப் பாதியாக்குங்கள். கார்டில் உள்ள ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். முதலில் சத்தம் மெலிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தக் குறையைப் பிக் பிடித்த கைதான் ஈடு செய்ய வேண்டும்.

அவர் வாசித்தது என்ன கிட்டார்?

1963-ல் செய்யப்பட்ட கிரெட்ஷ் ஜெட் ஃபயர்பேர்ட். பெயின்டைச் சுரண்டி, கழுத்துப் பக்க பிக்கப்பை (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) கழற்றிவிட்டு, பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டுமே வைத்துப் பெரும்பாலும் அதையே வாசித்தார். உங்களிடம் இருப்பது எதுவானாலும் சரி, பிக்கப் ஸ்விட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள்.

சார், எனக்கு ஐம்பது வயது. அவர் மாதிரித் தடித்த கம்பி போட்டால் விரல் தாங்குமா?

அவர் 012-ல் (மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமன்) தொடங்கும் செட் போட்டார், மூன்றாவது கம்பியும் மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பி. நீங்கள் 010 போடுங்கள் ஐயா, போதும். அவர் கம்பியை வளைத்து வாசிக்கவில்லை, ஓங்கி அடித்தார். அதற்குத் தடித்த கம்பி ஒத்துழைத்தது. விரல் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

'ஹைவே டு ஹெல்' ரிஃப்பில் வரும் டி கார்டு, வீட்டில் வாசிக்கும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது.

அந்த டி-யின் அடியில் எஃப் ஷார்ப் என்ற சுரம் இருக்கிறது. ஆறாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டை (கழுத்தில் உள்ள கட்டம்) கட்டைவிரலாலோ ஆள்காட்டி விரலாலோ அழுத்துங்கள். ஐந்தாவது கம்பி ஒலிக்கக் கூடாது. அழுத்தும் விரலின் ஓரம் லேசாகத் தொட்டாலே அடங்கிவிடும். அங்கிருந்து ஜி-க்கு ஏறும்போது அடிச்சுரம் ஒரு படி மேலே போவது கேட்கும். ரிஃப்பை முன்னே தள்ளுவது அந்த ஒரு படிதான். பல அடிகள் தட்டுக்கு நடுவில் விழுவதால் காலால் தாளம் போட்டுக்கொண்டே வாசியுங்கள். கால் நின்றால் கையும் தடுமாறும்.

நானும் நண்பனும் சேர்ந்து வாசிக்கிறோம், எல்லாம் குழம்புகிறது. இரண்டு கிட்டாரும் ஒரே கார்டைத்தானே வாசிக்க வேண்டும்?

ஒரே கார்டாக இருக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் வேண்டாம். ஒருவர் கீழே திறந்த ஏ-யைப் பிடித்தால் மற்றவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஏ-யைப் பிடிக்கட்டும். ஹெட்ஃபோனில் பழைய ஏசி/டிசி பாட்டு ஒன்றைக் கேளுங்கள், அண்ணன் ஒரு காதிலும் தம்பி மறு காதிலும் இருப்பார்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு மால்கமை முழுப் பாட்டுக்கும் பின்தொடருங்கள். யார் எந்தப் பக்கம் என்பது சோலோ (ஒருவர் தனித்து வாசிக்கும் பகுதி) வரும்போது தெரிந்துவிடும்: ரிஃப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்தான் மால்கம்.