மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

பவானி பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் தனியார் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. தாமதமாக வந்தால் வாங்கும் அபராதத்துக்கு ஏன் ரசீது தருவதில்லை என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறான். கேட்ட சூட்டோடு துறைத்தலைவரைக் கிண்டலடித்து ஒரு வரியும் சேர்த்துவிட்டான். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். "அப்பாவைக் கூட்டிட்டு வா, அதுவரைக்கும் கிளாஸ் பக்கம் வராதே" என்று ஐ.டி. கார்டைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறார்கள். எட்டு வேலை நாள் போய்விட்டது. பெற்றோர் போய் நின்றபோது ஒரு டைப் அடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இப்போது இரண்டு கட்சி. அப்பா, கையெழுத்தைப் போட்டு முடித்துவிடலாம் என்கிறார். தாய்மாமன், டி.சி.யை வாங்கிவிடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக். ஏ.ஐ. சீட் பேசிவிட்டேன் என்கிறார்.

அக்கா, ஒரு வாட்ஸ்அப் செய்தியால் எந்தப் பையனின் படிப்பும் நின்றுவிடாது. நான் சொல்லும் ஆறுதல் இவ்வளவுதான். இனி எழுதப்போவது உங்கள் வீட்டுக்காரருக்கும் பிடிக்காது, உங்கள் அண்ணனுக்கும் பிடிக்காது.

நீங்கள் அனுப்பிய தாளின் படத்தைப் பார்த்தேன். அதில் மூன்று விஷயம் இருக்கிறது. துறைத்தலைவரை அவமதித்தேன் என்பது முதலாவது. அது உண்மை, அவன் வருத்தம் தெரிவிக்கத்தான் வேண்டும். அபராதம் பற்றிப் பொய்த் தகவல் பரப்பினேன் என்பது இரண்டாவது. ரசீது தரவில்லை என்பது நடந்த விஷயம். இதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் மகன் தானே தன்னைப் பொய்யன் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். மூன்றாவது வரிதான் விஷம்: "இனி நிர்வாகத்துக்கு எதிராக எந்தப் புகார் எழுப்பினாலும் நானாகவே மாற்றுச் சான்றிதழ் பெற்று விலகிக்கொள்கிறேன்." இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டிய பையனிடம் யாரும் எழுதி வாங்கக் கூடாத வரி இது. போடாதீர்கள். அதற்குப் பதில் அவன் கைப்பட இரண்டு வரி எழுதட்டும்: துறைத்தலைவரைப் பற்றி எழுதிய வரிக்கு வருந்துகிறேன், அதை நீக்கிவிட்டேன். அவ்வளவு போதும்.

அடுத்து உங்கள் அண்ணன். அக்கறையில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கணக்கு உதைக்கிறதே. இப்போது பி.டெக். சேர்ந்தால் முதலாம் ஆண்டிலிருந்து நான்கு வருடம். படித்த ஒரு வருடமும் கட்டிய பணமும் வீண். இதே பி.எஸ்சி.யை முடித்து எம்.சி.ஏ. போனால், அதே நான்கு வருடத்தில் இரண்டு பட்டம் கையில் இருக்கும். பொறியியல்தான் வேண்டும் என்று பின்னால் தோன்றினாலும், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கு அரசு கலந்தாய்வு வழியாகவே பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு கோட்டா பணத்துக்குக் கடன் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கடனில் உங்கள் அண்ணன் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவாரா? ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்புறம், புதிய இடத்தில் விதி தளர்வாக இருக்கும் என்று யார் சொன்னது? அங்கேயும் ஐ.டி. கார்டு உண்டு, அபராதம் உண்டு, கையெழுத்துத் தாளும் உண்டு.

சரி, என்னதான் செய்வது? எம்.எல்.ஏ. சிபாரிசு, தாளாளருக்குத் தெரிந்தவர், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது யாரும் ஏறிப் பார்க்காத படி.

வருடத் தொடக்கத்தில் கல்லூரி ஒரு காலண்டர் கொடுத்திருக்கும். விதிகள், வேலை நாட்கள், தேர்வுத் தேதிகள் எல்லாம் அச்சடித்த சின்னப் புத்தகம். அதன் கடைசிப் பக்கங்களிலோ கல்லூரி இணையதளத்திலோ 'மாணவர் குறைதீர்ப்புக் குழு' என்று பெயர்ப் பட்டியல் இருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்காகவாவது எல்லாக் கல்லூரியும் இதை வைத்திருக்கிறது. (புகார்ப் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும் அந்த வாரத்தில்தான்.) இந்தக் குழு ஒப்புக்கு வைத்ததில்லை. 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருந்தே ஆகவேண்டும். ஒரு பேராசிரியர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நான்கு பேர் உறுப்பினர்கள், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர். இவர்களில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பட்டியலினம், பழங்குடி அல்லது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும். அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பது, சான்றிதழைப் பிடித்து வைப்பது, மாணவரைத் துன்புறுத்துவது அல்லது பழிவாங்குவது எல்லாம் இந்தக் குழுவிடம் கொண்டுபோகக்கூடிய புகார்கள்தான். உங்கள் மகன் விஷயத்தில் முதலும் கடைசியும் பொருந்தும்.

புகாரை ஆன்லைனில் போடுவதற்குக் கல்லூரி ஒரு வசதி வைத்திருக்க வேண்டும். அங்கே வந்த புகாரைத் தன் கருத்தோடு 15 நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டியது நிர்வாகத்தின் வேலை. குழு விசாரணைத் தேதி குறித்துப் பையனுக்குத் தெரிவிக்கும். அவன் நேரில் போகலாம், தன் சார்பில் ஒருவரையும் அனுப்பலாம். அண்ணனை அனுப்பாதீர்கள், குரலை உயர்த்திப் பேசுகிறவர் போனால் காரியம் கெடும். நீங்களே போங்கள். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தருவதுதான் முறை, அதன் நகல் பையனுக்கும் வர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் ஓம்பட்ஸ்பர்சனிடம், அதாவது குறைகேட்பாளரிடம், மேல்முறையீடு. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அந்தப் பல்கலைக்கழகம் நியமிக்கும் ஆள் அவர். ஓய்வுபெற்ற துணைவேந்தர், அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி போன்றவர்களைத்தான் நியமிக்க முடியும். 30 நாளில் தீர்க்க அவர் முயல வேண்டும். நியமிக்காமல் இழுத்தடித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலை 2024இல் யுஜிசியே வெளியிட்டது. வழக்கறிஞர் தேவையில்லை. நீதிமன்றச் செலவும் கிடையாது.

சொந்தக் கல்லூரி ஆசிரியர்களே உட்கார்ந்திருக்கும் குழு என்ன கிழித்துவிடப் போகிறது என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். முதல் படியில் பெரிதாக ஒன்றும் நடக்காமல் போகலாம். ஆனால் எழுத்தில் புகார் போனதுமே வாய்மொழியாக நடந்ததெல்லாம் எழுத்துக்கு வந்தாக வேண்டும். உங்கள் மகனை வெளியே நிறுத்தியதற்கு இதுவரை ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வருகைப் பதிவேட்டில் சும்மா 'ஆப்சென்ட்' என்றுதான் விழுந்திருக்கும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாள் வைத்துக்கொண்டால், 75 சதவீத வருகைக்கு அவன் விடக்கூடியது 22 நாள்தான். எட்டு ஏற்கெனவே போயிற்று. இன்னும் மூன்று வாரம் இப்படியே போனால் ஹால் டிக்கெட்டுக்கே சிக்கல்.

அதனால் திங்கள் காலை அவன் வழக்கம்போல் கல்லூரிக்குப் போகட்டும். உள்ளே விடாவிட்டால் வாக்குவாதம் வேண்டாம், வாசலிலிருந்தே முதல்வருக்கும் துறைத்தலைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பட்டும்: "இன்று காலை 9 மணிக்கு வகுப்புக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை. இடைநீக்கம் என்றால் எழுத்தில் ஆணையும் காரணமும் தருமாறு வேண்டுகிறேன்." தினமும் இதே போல ஒன்று. புகாரையும் நீட்டி முழக்க வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் சொன்னது, அபராதம் எவ்வளவு கட்டினான் என்று வரிசையாக வரட்டும். கிண்டலடித்ததை அவனே ஒத்துக்கொண்டு எழுத வேண்டும், மறைத்தால் மற்றதும் நிற்காது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க ஓம்பட்ஸ்பர்சனுக்கு இடமிருக்கிறது. கடைசியில் மூன்று கோரிக்கை: வகுப்பில் அனுமதி, விடுபட்ட நாட்களுக்கு வருகை, அபராதத்துக்கு ரசீது. துறைத்தலைவரை மாற்று, நஷ்ட ஈடு கொடு என்றெல்லாம் போகாதீர்கள்.

விதியை எதிர்த்தால் மாணவன்தான் தோற்பான் என்பதும் உண்மையில்லை. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்றார்கள். ஒப்புக்கொள்ளாத மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. உங்களுக்கு நீதிமன்றம் வரை போகும் வேலை வராது என்றே நினைக்கிறேன். ராகிங், பாலியல் தொல்லை என்றால் வழியே வேறு, அவற்றுக்குத் தனிக் குழுவும் தனிச் சட்டமும் இருக்கின்றன.

இவ்வளவு நீளக் கடிதத்தில் மகன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லையே அக்கா. போனில் அவனிடம் பேசினேன். புள்ளியியல் தாள் பிடித்திருக்கிறதாம், எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க ஆசையாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது என்றேன், அவன் அதன் பாடத்திட்டத்தையே பார்த்து வைத்திருக்கிறான். இவனை வலுக்கட்டாயமாக ஏ.ஐ. வகுப்பில் உட்கார வைப்பதற்கு நான் ஒரு நாளும் ஆமாம் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. உங்கள் அண்ணன் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள். யுஜிசியின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், பிடித்தம் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான். கடைசித் தேதி தாண்டி 30 நாளும் போய்விட்டால் ஒரு பைசா வராது. அசல் மதிப்பெண் சான்றிதழை அங்கே கொடுத்திருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியதுதான், வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது.