கிராமப் பள்ளிக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம்? – கேள்வி பதில்

கேள்வி: தலைக்கு இவ்வளவு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை கொடுத்தால் தகராறே இல்லையே?

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 பிள்ளைகள் இருந்தாலும் ஓர் ஆசிரியர் வேண்டும், 35 பேர் இருந்தாலும் ஓர் ஆசிரியர்தான். சம்பளம் ஒன்றே. கூரை ஒழுகினால் செலவு ஆள் கணக்குப் பார்த்தா குறையும்? அதனால்தான் பிரேசிலின் ஃபுன்டெப் கல்வி நிதியில், நகரத் தொடக்கப் பள்ளி மாணவரை 1 என்று எண்ணினால் கிராமத்து மாணவரை 1.15 என்று எண்ணி வந்தார்கள்.

கேள்வி: நகரத்திலும் சின்னப் பள்ளிகள் உண்டே. அவற்றுக்கும் கூடுதல் பணமா?

பதில்: இங்கிலாந்தில் அதற்காகத் தூரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தப் பள்ளி இல்லாவிட்டால் பிள்ளைகள் அடுத்த பள்ளிக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும்? தொடக்கப் பள்ளிக்கு 2 மைல், உயர்நிலைப் பள்ளிக்கு 3 மைல் என்பது அடிப்படை அளவு. முன்பு நேர்கோட்டில் அளந்தார்கள், நடுவில் ஆறு இருந்தாலும் சரி! இப்போது சாலை வழித் தூரம்.

கேள்வி: உள்ளூர் வரியிலேயே அந்தந்த ஊர் பள்ளியை நடத்திக்கொண்டால் என்ன?

பதில்: அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு சொத்து வரியிலிருந்து வருகிறது. இந்த முறை நியாயமில்லை என்று பெற்றோர் தொடுத்து, 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரோட்ரிகஸ் வழக்கில் வந்த கணக்கு இது: டெக்சஸின் எட்ஜ்வுட் பகுதி மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டியும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் திரண்டது. பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 85 சென்ட் வரிக்கே 333 டாலர். அதிகம் கட்டியவருக்குக் குறைவு! ஆனாலும் நீதிபதிகள் 5-க்கு 4 என்று பிரிந்ததில் பெற்றோரின் வழக்குத் தோற்றது. அது நகரத்துக் கதைதான். ஆனால் விலைபோகாத நிலம் மட்டுமே உள்ள கிராமத்துக்கும் இதே கதி. அரசு வனம் சூழ்ந்த ஊர்களில் வரி போட நிலமே இல்லை. அதனால் 1908 முதல் வன வருமானத்தில் 25 சதவீதம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. 1990களில் மரவெட்டு குறைந்ததும் அதுவும் சரிந்தது. 2000இல் தனிச் சட்டம் போட்டு ஈடுகட்டினார்கள்.

கேள்வி: பேசாமல் சின்னப் பள்ளிகளை இணைத்துவிட்டால்?

பதில்: சீனா 2001 முதல் அப்படித்தான் செய்தது. அரசுக்கு மிச்சம், ஆனால் பஸ், விடுதி, சாப்பாடு என்று செலவு பெற்றோர் தலையில் விழுந்தது. 2012இல் அரசே கண்மூடித்தனமான இணைப்பை நிறுத்தச் சொன்னது.